மெஷின் இருக்கும்போது லேப் படிப்பு எதற்கு?

கேள்வி: என் மகள் பள்ளி இறுதியாண்டு படிக்கிறாள். மருத்துவ ஆய்வக அறிவியலில் பட்டம் படிக்க ஆசைப்படுகிறாள். இப்போது எல்லா ரத்தப் பரிசோதனையையும் மெஷினே செய்துவிடுகிறது. இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். மெஷின் வந்த பிறகும் ஏன் ஆள் தேவை என்பதற்கு நான் பணியில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு நாள் இரவுப் பணியில் பொட்டாசியம் 7.9 என்று ரிசல்ட் வந்தது. 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டியது. இவ்வளவு ஏறினால் இதயமே நின்றுபோகலாம். அதே சாம்பிளில் கால்சியம் அதலபாதாளத்தில் கிடந்தது. வார்டுக்குப் போன் போட்டால், நோயாளி உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார் என்றார்கள். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்க ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளின் பொட்டாசியம் உப்பு இருக்கும். அதிலிருந்த ரத்தத்தில் கொஞ்சத்தை வேறு குழாயில் ஊற்றி அனுப்பியிருக்கிறார்கள். பொட்டாசியம் அந்த உப்பிலிருந்து வந்தது. கால்சியத்தையும் அதுவே பிடித்துக்கொண்டது. மெஷின் சரியாகத்தான் அளந்திருந்தது. புதிதாக ரத்தம் எடுத்துப் பார்த்தால் 4.2. முதல் எண்ணை நம்பி மருந்து ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன். அந்தச் சந்தேகம் எழுவதற்குத்தான் உயிர்வேதியியல் படிக்கிறோம்.

ரத்தவியல், நுண்ணுயிரியல், திசுவியல், நோய் எதிர்ப்பியல், மூலக்கூறு ஆய்வு எல்லாம் பாடத்தில் உண்டு. பாக்டீரியாவை நிறமேற்றி வகை பிரிக்கும், 1884-இல் வெளியான கிராம் சாயமுறையை இன்றும் கையால் செய்யக் கற்பார்கள். ரத்த வங்கிப் பாடத்தை மட்டும் மேலோட்டமாகப் படிக்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். அங்கே குழாயில் பெயர் மாறி ஒட்டினால் ஓர் உயிர் போகலாம்.

வேலை என்றால் முதலில் மருத்துவமனை லேப், ரத்த வங்கி, பொதுச் சுகாதார ஆய்வகங்கள். அனுபவம் சேர்ந்தபின் அனலைசர் எனும் பரிசோதனை மெஷின்களைத் தயாரிக்கும் நிறுவனங்களில் பயிற்சியாளராகலாம், மருத்துவ ஆய்வகங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 15189 தரநிலையைக் கவனிக்கும் தரக் கட்டுப்பாட்டுப் பொறுப்புக்கும் போகலாம். மேற்படிப்பு படித்தால் ஆராய்ச்சி, தடய அறிவியல், கருத்தரிப்பு மையங்களின் கருவியல் ஆய்வகம் என வழி விரியும். ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள்: இது நோயியல் மருத்துவர் ஆகும் படிப்பு அல்ல. அதற்கு மருத்துவப் பட்டமே வேண்டும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். அவள் வேலை செய்ய விரும்பும் நாட்டில் உரிமம் தரும் அமைப்பு அந்தப் பட்டத்தை ஏற்கிறதா என்று முதலில் கேளுங்கள். பிறகு, இயங்கும் மருத்துவமனை லேப்பில் எத்தனை மாதம் பயிற்சி, மைக்ரோஸ்கோப் ஆளுக்கொன்றா, ஐந்து பேருக்கு ஒன்றா என்று கேளுங்கள். ஸ்லைடு பார்ப்பது கண்ணுக்குப் பழகும் வேலை. அடுத்தவர் தோளுக்குப் பின்னால் நின்று அது வராது.

நிறக்குருடு இருக்கிறதா என்று சேருமுன் சோதித்துவிடுங்கள். ஊதாவும் இளஞ்சிவப்பும் பிரித்தறிய வேண்டிய தொழில் இது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் போட்டுக்கொள்ள வேண்டும். இரவுப் பணி இருக்கும், அதை மறைத்துச் சொல்ல மாட்டேன்.

விண்ணப்பிக்கும் முன், தெரிந்தவர் மூலம் அனுமதி கேட்டு ஒரு லேப்பில் அரை நாள் அவளை இருக்கச் சொல்லுங்கள். சாம்பிள்கள் மொத்தமாக வந்து குவியும் காலை வேளையாக இருந்தால் நல்லது.