ஆறு விரல் பூனைக்கு நகத்தில்தான் கவனம் வேண்டும்

பாஸ்டனிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "காப்பகத்திலிருந்து இரண்டு வயதுப் பெண் பூனை ஒன்றை எடுத்து வந்திருக்கிறோம். முன்னங்கால் இரண்டிலும் ஆறாறு விரல்கள். கையுறை மாட்டியது போல இருக்கிறது. உள்பக்கத்தில் ஒரு நகம் சுருண்டு வளர்கிறது. கூடுதல் விரல்களை ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாமா?"

எடுக்க வேண்டாம். அந்த விரல்களால் அவளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. சுருண்டு வளரும் நகத்தை மட்டும் இந்த வாரமே பாருங்கள்.

சாதாரணமாகப் பூனைக்கு முன்னங்காலில் ஐந்தைந்து, பின்னங்காலில் நான்கு நான்கு, ஆக 18 விரல்கள். உங்களவளுக்கு 20. கனடாவில் ஜேக் என்ற பூனைக்கு 28 இருந்து, 2002-இல் கின்னஸில் ஏறியது. உங்கள் ஊர்ப்பக்கம் இது அபூர்வமும் இல்லை. அமெரிக்காவின் வடகிழக்குக் கடலோரத்தில் தலைமுறை தலைமுறையாக இப்படிப் பூனைகள் உண்டு. எலி பிடிக்கக் கப்பலில் வளர்த்த பூனைகள் வழியாகப் பரவியிருக்கும் என்பார்கள். ஃப்ளோரிடாவின் கீ வெஸ்ட்டில் எழுத்தாளர் ஹெமிங்வே வாழ்ந்த வீட்டில் இன்றும் ஒரு கூட்டமே திரிகிறது.

கருவில் விரல் எங்கே முளைக்க வேண்டும் என்பதில் 'சானிக் ஹெட்ஜ்ஹாக்' என்ற மரபணுவுக்குப் பெரிய பங்கு. அதை இயக்கும் சுவிட்ச் போன்ற டி.என்.ஏ. பகுதியில் ஒரே ஒரு எழுத்து மாறினால் போதும், கட்டைவிரல் பக்கம் கூடுதலாக முளைத்துவிடும். தாய், தந்தை இருவரில் ஒருவருக்கு இருந்தாலே குட்டிகளில் ஏறக்குறைய பாதிக்கு வரலாம். நோய் இல்லை.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். முன்னங்கால் எலும்பு குட்டையாகவோ வளைந்தோ இருந்து, கூடவே விரலும் அதிகமிருந்தால் அது வேறு கோளாறு. எக்ஸ்ரே எடுக்க வேண்டும், குட்டி போட விடக்கூடாது. உங்கள் பூனை நேராக நடந்து, அலமாரி மேல் தாவுகிறதென்றால் இந்தக் கவலை வேண்டாம்.

இனி நகம். மற்ற நகங்கள் நடக்கையிலும் பிறாண்டுகையிலும் தேயும், மேல் ஓடு கழன்று விழும். கட்டைவிரலுக்கும் பாதத்துக்கும் இடுக்கில் இருக்கும் நகம் தரையையும் தொடாது, பிறாண்டும் கட்டையையும் தொடாது. தேய்மானம் இல்லாமல் வட்டமாக வளைந்து, கடைசியில் உள்ளங்காலின் மெத்தையிலேயே குத்தி இறங்கும். சீழ் பிடித்து நொண்டும்போதுதான் பலரும் பூனையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள். பூனை வலியை மறைப்பதில் கெட்டிக்காரி.

அவள் அரைத்தூக்கத்தில் இருக்கும்போது மடியில் வைத்து, விரலை மேலிருந்தும் கீழிருந்தும் மெல்ல அழுத்துங்கள். நகம் வெளியே வரும். வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரியும். அது ரத்தமும் நரம்பும் ஓடும் இடம்; அதைத் தொடாமல் நுனியை மட்டும் வெட்டுங்கள். தவறி ரத்தம் வந்தால் சோளமாவை வைத்து அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். ஒரே நாளில் இருபதையும் முடிக்க வேண்டியதில்லை. நான்கு வெட்டி ஒரு தின்பண்டம் கொடுத்து விட்டுவிடலாம். ஆனால் எண்ணி வெட்டுங்கள். இரண்டு விரல் ஒட்டிப் பிறந்திருந்தால் நடுவே ரோமத்துக்குள் ஒரு நகம் ஒளிந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது, தடவினால்தான் தெரியும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெட்டினால் போதும்.

நகம் ஏற்கெனவே மெத்தையைத் தொட்டுவிட்டதென்றால் வீட்டில் கை வைக்காதீர்கள். டாக்டர் வெட்டி எடுத்து, புண்ணைக் கழுவி மருந்து தருவார்.

'நகத்தையே எடுத்துவிட்டால் தொல்லை விட்டது' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது நகம் எடுப்பதல்ல, விரலின் கடைசி எலும்பையே வெட்டுவது. நியூயார்க் 2019-இல் தடை செய்தது. உங்கள் மாசசூசெட்ஸ் மாநிலமும் 2025-இல் தடைச் சட்டம் கொண்டுவந்தது. மருத்துவக் காரணம் இருந்தால் விலக்கு உண்டு. எலும்போடு சேராமல் தொங்கி அடிக்கடி சிக்கிக் கிழியும் விரல், திரும்பத் திரும்பச் சீழ் வைக்கும் நகம், இவற்றுக்கு நானே ஆபரேஷன் சொல்வேன்.

வயதானபின் கூடுதல் கவனம் வேண்டும். மூட்டு வலியால் பிறாண்டுவது குறையும், நகம் தடிக்கும். அப்போது வாரம் ஒருமுறையாவது அந்த இடுக்கைத் தடவிப் பாருங்கள்.