பையன் வீட்டுக்குப் போயிட்டான், நோட்ஸ் நான் எழுதறேன்

கேள்வி: அமெரிக்காவுல ஓஹையோவுல ஒரு டீச்சிங் ஆஸ்பத்திரியில மெடிசின் வாத்தியாரா இருக்கேன், பேர் போட வேண்டாம். நான் ரெசிடென்டா, அதாவது படிப்பு முடிச்சு ஆஸ்பத்திரியில பயிற்சி எடுக்கற டாக்டரா இருந்தப்ப சேர்ந்தாப்ல 36 மணி நேரம் வார்டுல நின்னிருக்கேன். இப்ப வாரத்துக்கு 80 மணிக்கு மேல வேலை வாங்கக்கூடாதுன்னு ரூல். போன வாரம் ஒரு பாட்டிக்கு இதயத்துல அயோர்டிக் வால்வ் சுருங்கின சத்தம், அப்படியே பாடப்புத்தகத்துல இருக்கற மாதிரி, வந்து ஸ்டெத் வெச்சு கேளுப்பான்னு கூப்பிட்டா இன்டர்ன் (முதல் வருஷ ரெசிடென்ட்) மணியைப் பாத்துட்டு டூட்டி முடிஞ்சுதுன்னு கிளம்பிட்டான். மிச்ச நோட்ஸ் எல்லாம் ராத்திரி பத்தரை வரைக்கும் நான் எழுதினேன். இப்படி வளர்ற டாக்டர்கிட்ட வைத்தியத்துக்கு நீங்க போய்ப் படுப்பீங்களா? அவன் மேல ரிப்போர்ட் எழுதலாமா?

பதில்: படுப்பேன் டாக்டர் சார். 36 மணி நேரம் கண்ணு மூடாத உங்ககிட்ட படுக்கத்தான் எனக்கு யோசனையா இருக்கு.

இந்த ரூல் எங்க இருந்து வந்துச்சுன்னு உங்களுக்கு நல்லாவே தெரியும், மத்த வாசகர்களுக்காக சொல்றேன். 1984 மார்ச்ல நியூயார்க்ல லிபி சயான்னு 18 வயசுப் பொண்ணு, காய்ச்சல்னு ராத்திரி ஆஸ்பத்திரிக்கு வந்தா, ஏற்கனவே சாப்பிட்டுட்டு இருந்த மன அழுத்த மாத்திரையோட சேரக்கூடாத ஊசியைப் போட்டாங்க, உடம்பு முறுக்கிட்டுத் துடிச்சவளை கட்டிப்போடச் சொல்லி ஃபோன்லயே ஆர்டர் போச்சு, விடிஞ்சப்ப உசுரு இல்ல. அன்னிக்கு ராத்திரி அவளைப் பாத்த இன்டர்ன் கையில 40 பேஷண்ட். எல்லாரும் இது வரைக்கும்தான் ஞாபகம் வெச்சிருக்காங்க. அந்தப் பொண்ணோட கேஸுக்குப் பொறுப்பான சீனியர் டாக்டர் எங்க இருந்தாரு? வீட்ல. ஃபோன்ல.

அப்பா சிட்னி சயான் பத்திரிகைக்காரர், வக்கீலும் கூட, விடுவாரா மனுஷன். டாக்டர் பெர்ட்ரண்ட் பெல் தலைமையில கமிஷன் வந்துச்சு, 1989ல நியூயார்க் மாநிலத்துல ரூலாச்சு. அதுல ரெண்டு பாதி இருக்கு சார். ஒண்ணு, வாரத்துக்கு 80 மணி, ஒரு மூச்சுல 24க்கு மேல கூடாது. இன்னொண்ணு, ராத்திரியும் அனுபவப்பட்ட டாக்டர் மேற்பார்வைக்கு இருக்கணும். கடைசி வரைக்கும் பெல் சொல்லிட்டு இருந்தது இந்த ரெண்டாவதைத்தான், மணிக்கணக்கை விட மேற்பார்வைதான் முக்கியம்னு. ஆனா மணியை எண்றது சுலபம் பாருங்க, அதனால அது மட்டும் நிலைச்சிடுச்சு. 2003ல நாடு முழுக்க 80 மணி வந்தப்ப எல்லாரும் பேசினது பசங்க தூக்கத்தைப் பத்தி. ஆக, ராத்திரி பத்தரைக்கு நீங்க வார்டுல இருந்தது அந்த ரூலால வந்த வினை இல்ல, அந்த ரூல் கேட்டதே அதைத்தான். நீங்க அங்க உக்காந்து நோட்ஸ் எழுதினதுதான் தப்பு.

அந்த நோட்ஸ் ஏன் உங்க தலையில விழுந்துச்சு? மணி குறைஞ்சுது, பேஷண்ட் குறையல. அப்ப ஆளைக் கூட்டணும். ஆனா 1997லயே அமெரிக்க பார்லிமென்ட்டான காங்கிரஸ், மெடிகேர்ங்கற வயசானவங்களுக்கான அரசாங்க மருத்துவ இன்ஷூரன்ஸ் காசு குடுக்கற ரெசிடென்ட் இடங்களுக்கு 1996 கணக்கோட பூட்டு போட்டுடுச்சு. புதுசா இன்னொரு ரெசிடென்ட் வேணும்னா ஆஸ்பத்திரி சொந்தக் காசுல எடுக்கணும், இல்லன்னா நர்ஸ் பிராக்டிஷனரையோ (கூடுதலா படிச்சு வைத்தியமும் பாக்கற நர்ஸ்) ராத்திரிக்குன்னே தனி டாக்டரையோ சம்பளம் போட்டு வெக்கணும். சில இடங்கள்ல வெச்சாங்க. மத்த இடங்கள்ல கணக்குப் பாத்தாங்க, இன்டர்னுக்கு 80 மணி லிமிட் இருக்கு, 58 வயசு வாத்தியாருக்கு ஒரு லிமிட்டும் கிடையாது, சம்பளமும் மாசாமாசம் அதேதான். அப்புறம் என்ன, தள்ளு அந்தப் பக்கம். உங்களை ஏமாத்தினது ஆஸ்பத்திரி நிர்வாகம், நீங்க கோவப்படறது 27 வயசுப் பையன் மேல. 80 மணிங்கறது கூட என்ன பெரிய சொகுசா சார், வாரத்துக்கு 6 நாள் வெச்சாலும் நாளைக்கு 13 மணி நேரத்துக்கு மேல வருது, நம்ம ஊர் பஸ் கண்டக்டர் கூட கேட்டா சிரிப்பாரு.

இருந்தாலும் உங்க பக்கம் ஒரு நியாயம் இருக்கு, அதை ஒத்துக்கறேன். சாயங்காலம் மூச்சு வாங்கிட்டு வந்தவர் ராத்திரி ரெண்டு மணிக்கு எப்படி மாறினாரு, விடியக்காலைல அந்த மருந்து எப்படி பிடிச்சுதுன்னு ஒரே ஆளா பக்கத்துல இருந்து பாக்கறது பெரிய படிப்பு. இப்ப பாதி கதையை ஒருத்தன் பாக்கறான், மீதியை இன்னொருத்தன் பேப்பர்ல படிக்கறான். 2011ல இன்டர்னுக்கு ஒரு மூச்சுல 16 மணிதான்னு கொண்டு வந்து, பேஷண்டைக் கைமாத்தற தொல்லை ஜாஸ்தியாகி, 2017ல திரும்ப 24 ஆக்கினதும் நடந்துச்சு. அதுக்காக 36க்கு போக முடியாது சார். 2004ல பாஸ்டன்ல ஐ.சி.யூ. இன்டர்ன்களை வெச்சு ஆய்வு பண்ணினாங்க, பழைய மாதிரி 24 மணிக்கு மேல நின்னவங்க சீரியஸான தப்பு 36 சதவீதம் அதிகமா பண்ணினாங்க. நானும் உதவி ஆசிரியரா இருந்த காலத்துல ரெண்டு ராத்திரி தூங்காம புரூஃப் பாத்து, ஒரு மந்திரியோட பிறந்தநாள் வாழ்த்தை இரங்கல் பக்கத்துல போட்டவன்தான். அவரு நல்லா இருந்தாரு, என் வேலைதான் போச்சு.

ரிப்போர்ட் கண்டிப்பா எழுதுங்க, ஆனா மேலிடத்துக்கு எழுதுங்க. நான் பாடம் எடுக்க வேண்டிய நேரத்துல எத்தனை மணி நேரம் குமாஸ்தா வேலை பாத்தேன்னு ஒரு மாசம் தேதி போட்டு குறிச்சு வெச்சு, ராத்திரிக்கு இன்னொரு ஆள் வேணும்னு கேளுங்க. அந்தப் பையன் காலைல ஆறரைக்கு வந்துடுவான். பாட்டியோட வால்வ் ஒரு ராத்திரியில சரியாகிடாது, அப்ப ஸ்டெத் குடுத்து கேக்கச் சொல்லுங்க.