டி.சி.யை விலைக்கு வாங்காதீர்கள்

கேள்வி: ஏற்காட்டில் ஒரு மாற்றுப் பள்ளியில் என் மகள் 4 வருடமாகப் படிக்கிறாள். வயது 11. மே மாதத்தோடு மூடுகிறோம் என்று நடத்தும் தம்பதியர் சொல்லிவிட்டார்கள். அங்கீகாரம் இல்லாததால் டி.சி.யும் கிடையாதாம். ஏமாந்துவிட்டோமா? 25,000 ரூபாய் தந்தால் வேறு பள்ளியின் டி.சி. வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார்.
- அஸ்தம்பட்டி வாசகி

பதில்: பணத்தை முதலில் உள்ளே வையுங்கள் அம்மா. அந்தத் தம்பதி உங்களை ஏமாற்றவில்லை. இப்படிப்பட்ட பள்ளிகளில் நிறுவனர்தான் ஆசிரியர், கணக்கர், ஆள் வராத நாளில் சமையலும் அவர்தான். 20 கொண்டை ஊசி வளைவு ஏறித் தினமும் வர ஆசிரியர் கிடைப்பது கஷ்டம். ஏழாம் வகுப்பு தாண்டியதும் மார்க் பயத்தில் பெற்றோரே பிள்ளைகளை மாற்றிவிடுவார்கள். அப்புறம் வாடகை எங்கிருந்து வரும்?

இதற்கு மேல் சட்டம். அங்கீகாரமின்றி நடத்தினால் 1 லட்சம் வரை அபராதம், மீறித் தொடர்ந்தால் நாளுக்கு 10,000. கும்பகோணத்தில் 2004-இல் 94 குழந்தைகள் கருகிய பிறகு, தீயணைப்புச் சான்றும் கட்டட உறுதிச் சான்றும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் 15 பிள்ளைகள் படிக்கும் ஓட்டு வீட்டையும் ஆயிரம் பேர் படிக்கும் கட்டடத்தையும் ஒரே படிவத்தில் அளந்தால் மலைமேல் யார் தாங்குவார்கள்?

சரி, உங்கள் மகள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. 11 வயதென்றால் ஆறாம் வகுப்பு. பிறப்புச் சான்றோடு பக்கத்து அரசுப் பள்ளிக்குப் போங்கள். "டி.சி. எங்கே?" என்று திருப்பி அனுப்பினால், மாவட்டக் கல்வி அலுவலகத்தில் மனுவை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாய்வார்த்தைக்கு அங்கே மதிப்பில்லை. நாலு மேசை சுற்ற விடுவார்கள்.

விலைக்கு வாங்கிய டி.சி. ஒன்று என் கைக்கு வந்தது. பள்ளியில் சேர்ந்ததாகப் போட்டிருந்த தேதி ஞாயிற்றுக்கிழமை! எமிஸ் எண்ணை (அரசுப் பதிவேட்டில் ஒவ்வொரு மாணவருக்கும் உள்ள எண்) தேடினால் வேறொரு பையன். பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் தயாராகும்போது அகப்பட்டது. விற்றவரின் போன் எப்போதோ அணைந்துவிட்டது.

ஒரு விலக்கு உண்டு. 14 வயது தாண்டிய பிள்ளைகளுக்கு இந்தச் சட்டம் கைகொடுக்காது. உங்கள் மகளுக்கு இது பொருந்தாது, அங்கே படிக்கும் பெரிய பிள்ளைகளின் வீட்டில் சொல்லுங்கள். அவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் நேரடியாகப் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். எட்டாம் வகுப்புச் சான்று இல்லாவிட்டாலும் சுய உறுதிமொழி போதும். பதிவை இணையத்தில் நீங்களே செய்யுங்கள். "பாஸுக்கு நாங்கள் கேரண்டி" என்று இதிலும் கமிஷன்காரர்கள் நிற்கிறார்கள்.

மகள் எப்போது சேர்ந்தாள், என்ன படித்தாள் என்று அந்தத் தம்பதியிடம் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மே வரை காத்திருக்க வேண்டாம், வீட்டைக் காலி செய்துவிட்டால் அவர்களைத் தேடிப் பிடிப்பது சிரமம்.