12-ல் எடுப்பதா, 44 வரை பொறுப்பதா?

வாசகர் கேள்வி: டல்லாஸில் வேலை பார்க்கிறேன். ஒவ்வோர் ஏப்ரலிலும் எங்கள் அலுவலகத்தில் என்.எஃப்.எல். மாக் டிராஃப்ட் நடத்துவோம், அதாவது அமெரிக்கக் கால்பந்து லீக் அணிகள் கல்லூரி வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுப்பதைப் போல விளையாட்டாகச் செய்து பார்ப்போம், ஆளுக்கு ஓர் அணி. இந்த முறை என் அணிக்கு முதல் சுற்றில் 12-வது இடம், இரண்டாம் சுற்றில் 44-வது இடம். அணியில் சரியான குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்திப் பந்தை வீசுபவர்) இல்லை. எனக்குப் பிடித்த கல்லூரி வீரரை எல்லாப் பட்டியல்களும் ‘இரண்டாம் சுற்று ஆள்’ என்றுதான் சொல்கின்றன. 12-லேயே எடுத்துவிடட்டுமா?

பதில்: 12 என்றதும் எனக்கு 2011 ஞாபகம் வந்துவிட்டது. அந்த டிராஃப்டில் குவார்ட்டர்பேக் கேம் நியூட்டன் முதல் ஆளாகப் போனார். குவார்ட்டர்பேக் இல்லாத மற்ற அணிகளுக்கு உடனே பதற்றம் தொற்றிக்கொண்டது. டென்னஸி 8-ல் ஜேக் லாக்கரை எடுத்தது, ஜாக்சன்வில் 10-ல் பிளேன் கேபர்ட்டை எடுத்தது, மின்னசோட்டா 12-ல் கிறிஸ்டியன் பாண்டரை எடுத்தது. மூவரில் ஒருவர்கூட அந்த அணியில் நிலைக்கவில்லை. இடையில் 11-வது இடத்தில் ஹூஸ்டன் எடுத்தது ஜே.ஜே. வாட்டை. சிறந்த தடுப்பாட்ட வீரர் விருதை மூன்று முறை வாங்கியவர் அவர். சின்சினாட்டி 35 வரை பொறுத்திருந்து ஆன்டி டால்டனை எடுத்தது, அடுத்த ஐந்து சீசனும் பிளே-ஆஃப் (சீசன் முடிவின் நாக்-அவுட் ஆட்டங்கள்) போனது. சான்ஃபிரான்சிஸ்கோ 36-ல் எடுத்த கோலின் கேப்பர்னிக், இரண்டாவது சீசனிலேயே அணியை சூப்பர் பவுல் என்ற இறுதிப் போட்டி வரை கொண்டுபோனார்.

அப்படியானால் பொறுப்பதுதான் புத்திசாலித்தனமா? அப்படியும் சொல்ல மாட்டேன். 2024-ல் அதே 12-வது இடத்தில் டென்வர் போ நிக்ஸை எடுத்தது. அந்த ஆண்டு அவருக்கு முன்பே ஐந்து குவார்ட்டர்பேக்குகள் போயாயிற்று. ‘இவ்வளவு சீக்கிரமா?’ என்று கேட்டவர்கள் நிறைய. ஆனால் கல்லூரியில் 61 ஆட்டங்களைத் தொடங்கிய அனுபவம் அவருக்கு இருந்தது. தனக்கு எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்பதில் பயிற்சியாளர் ஷான் பேட்டன் தெளிவாக இருந்தார். முதல் சீசனிலேயே நிக்ஸ் 29 டச்டவுன் பாஸ் (எல்லைக்குள் பிடிக்கப்பட்டுப் புள்ளி தரும் பாஸ்) வீசினார். 2015 சீசனுக்குப் பிறகு டென்வர் மறுபடி பிளே-ஆஃபைப் பார்த்தது அப்போதுதான்.

ஆக, இடத்தின் எண் முதல் கேள்வியே இல்லை. சுற்று, பட்டியல், பக்கத்து மேசைக்காரர் என்ன நினைப்பார் என்பதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, இந்தப் பையனிடம் நான்கு வருடம் அணியைக் கொடுப்பேனா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பதில் ஆம் என்றால்தான் எங்கே எடுப்பது என்ற பேச்சே வருகிறது. பெரும்பாலான தவறுகள் இந்த வரிசையைத் தலைகீழாக்குவதால்தான் நடக்கின்றன. ‘நம்மிடம் குவார்ட்டர்பேக் இல்லை’ என்ற கவலை, 50-வது இடத்துக்கான ஆளைக் கண்ணுக்கு 10-வது இடத்து ஆளாகக் காட்டிவிடும். கல்லூரியில் எத்தனை ஆட்டம் தொடங்கினார், முதலில் பார்த்த ரிசீவர் (பாஸைப் பிடிப்பவர்) மறிக்கப்பட்டால் அடுத்தவரைத் தேடுகிறாரா, நெருக்கடியில் பந்து எங்கே போகிறது என்று பாருங்கள். உயரமும் கைவலிமையும் அதற்கப்புறம்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2010-ல் முதல் ஆளாகப் போன சாம் பிராட்ஃபோர்டுக்கு உத்தரவாதத் தொகை மட்டுமே 5 கோடி டாலர். அடுத்த ஆண்டு, புதுமுக வீரர்களின் சம்பளத்துக்கு வரம்பு வைத்த புதிய ஊதிய ஒப்பந்தம் வந்தது. நியூட்டனுக்கு நான்கு வருடத்துக்கும் சேர்த்துச் சுமார் 2.2 கோடிதான். அன்றிலிருந்து தவறான குவார்ட்டர்பேக்குக்குப் பணமாகக் கொடுப்பது குறைவு. அதே இடத்தில் எடுத்திருக்கக்கூடிய ஜே.ஜே. வாட்டும், வீணாகும் இரண்டு மூன்று வருடங்களும்தான் உண்மையான இழப்பு.

இடத்தைச் சேர்த்துக் கொடுத்து மேலே ஏறினால் இழப்பு இன்னும் பெரிது. 2021-ல் சான்ஃபிரான்சிஸ்கோ தன் 12-வது இடத்தோடு அடுத்த இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்றையும் மயாமிக்குக் கொடுத்து 3-வது இடத்துக்கு ஏறி டிரே லான்ஸை எடுத்தது. கல்லூரியில் அவர் தொடங்கியது 17 ஆட்டம்தான். சான்ஃபிரான்சிஸ்கோவுக்காகத் தொடங்கியது நான்கு. கடைசியில் ஒரு நான்காம் சுற்று இடத்துக்கு டல்லாஸுக்குப் போனார்.

சான்ஃபிரான்சிஸ்கோவைக் காப்பாற்றியது 2022-ன் கடைசி ஆளான, 262-வதாக வந்த பிராக் பர்டி. இதைக் காட்டி ‘கடைசிச் சுற்றில் கிடைப்பார்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவருக்கு முன் அதே டிராஃப்டில் அதே அணி எட்டுப் பேரை எடுத்திருந்தது. அதைத் திட்டம் என்று சொல்ல முடியாது.

சரி, உங்கள் பதில் ஆம் என்றே வைத்துக்கொள்வோம். 12-க்கும் 44-க்கும் நடுவே ஒரு நல்ல வாசல் இருக்கிறது, அது முதல் சுற்றின் வால். 32-வது இடம் வரை எடுக்கப்படும் வீரரை, ஐந்தாவது வருடத்துக்கும் அணி தன் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். 33-ல் எடுத்தால் அந்த உரிமை கிடையாது. மற்ற வீரர்களுக்கு இது சின்ன விஷயம், குவார்ட்டர்பேக்குக்குப் பெரிய விஷயம். இன்னொன்று, முதல் சுற்று வியாழன் இரவோடு முடிந்துவிடும், இரண்டாவது வெள்ளிக்கிழமைதான். இடைப்பட்ட நேரம் முழுக்க எல்லா அணிகளும் 33-வது இடம் வைத்திருக்கும் அணிக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கும். அதற்கு முன்பே முடித்துவிடுவது மேல்.

பால்டிமோர் 2018-ல் இப்படித்தான் செய்தது. கையில் இருந்த 16-வது இடத்திலிருந்து இரண்டு முறை பின்னால் இறங்கி, 25-ல் ஒரு டைட் எண்டை (பாஸைப் பிடிக்கவும் எதிரிகளைத் தடுக்கவும் செய்பவர்) எடுத்துவிட்டு, அப்புறம் 52-வது இடத்தையும் மறு ஆண்டின் இரண்டாம் சுற்றையும் முக்கியமாகக் கொடுத்து 32-க்கு ஏறியது. எடுத்தது லமார் ஜாக்சனை. 2019, 2023 சீசன்களின் எம்.வி.பி. (மிக மதிப்புமிக்க வீரர்) அவர். எனக்கு மிகவும் பிடித்த டிராஃப்ட் நகர்வு இது. ஆனாலும் நடுவில் வேறொரு அணி லமாரை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் தோன்றுகிறது.

இதற்கு ஆகும் செலவையும் சொல்கிறேன். 2014-ல் மின்னசோட்டா 40-லிருந்து 32-க்கு ஏற, கூடவே ஒரு நான்காம் சுற்று இடம் கொடுத்து டெடி பிரிட்ஜ்வாட்டரை எடுத்தது. 2025-ல் நியூயார்க் ஜயன்ட்ஸ் 34-லிருந்து 25-க்கு ஏறி ஜாக்சன் டார்ட்டை எடுக்க இரண்டு மூன்றாம் சுற்று இடங்களைக் கொடுத்தது. நீங்கள் 44-லிருந்து ஏற வேண்டும், எனவே மூன்றாம் சுற்று இடத்தைக் கொடுக்க மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

கடைசியாக, 13-லிருந்து 43 வரை யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எழுதுங்கள். குவார்ட்டர்பேக் இல்லாத அணிகளை மட்டும் எண்ணினால் போதாது. 2020-ல் ஆரன் ராட்ஜர்ஸை வைத்துக்கொண்டே கிரீன் பே 26-ல் ஜோர்டன் லவ்வை எடுத்தது. கார்சன் வென்ட்ஸை வைத்துக்கொண்டே பிலடெல்பியா 53-ல் ஜேலன் ஹர்ட்ஸை எடுத்தது. 2024-ல் கிர்க் கசின்ஸுக்கு 18 கோடி டாலர் ஒப்பந்தம் போட்ட கையோடு அட்லாண்டா 8-ல் மைக்கேல் பெனிக்ஸை எடுத்தது.

என் யோசனை இதுதான். 12-வது இடத்தைக் கேட்டு யாராவது வந்தால் 20-களுக்கு இறங்கி அங்கே உங்களுக்குப் பிடித்த அந்த வீரரை எடுங்கள். யாரும் வராவிட்டால் 12-ல் இருப்பதிலேயே சிறந்த வீரரை எடுத்துவிட்டு, அன்று இரவே 44-லிருந்து முதல் சுற்றின் வாலுக்கு ஏறப் பாருங்கள். ஆனால் 13-க்கும் 25-க்கும் நடுவே அவரை எடுக்கக்கூடியவர் ஒருவர் இருப்பது உறுதியாகத் தெரிந்தால், தயங்காமல் 12-லேயே எடுங்கள். சீக்கிரம் எடுத்துவிட்டீர்கள் என்று சொல்வார்கள், சொல்லட்டும்.

முதல் கேள்விக்கு உங்கள் பதில் ‘தெரியவில்லை’ என்றால் 12-லும் வேண்டாம், 44-லும் வேண்டாம். அவர் உங்கள் கையை விட்டுப் போய்விட்டாலும், அந்த ஏமாற்றத்தில் பட்டியலில் அடுத்திருக்கும் குவார்ட்டர்பேக்கை எடுத்துவிடாதீர்கள். 44-ல் நல்ல டேக்கிள் ஒருவரை எடுங்கள். அடுத்த ஏப்ரலில் நீங்கள் எடுக்கப்போகும் குவார்ட்டர்பேக்கின் முதுகைக் காக்க அவர் வேண்டியிருக்கும்.