நாலு வயதுப் பையனை அலர்ஜி டெஸ்ட்டுக்கு எப்படித் தயார் செய்வது?

மாம்பழம் சாப்பிட்டால் பையனுக்கு வாயைச் சுற்றித் தடிக்கிறது, கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குத் தோல் பரிசோதனைக்குக் கூட்டிப்போகிறோம் என்கிறீர்கள். சரி, முதலில் மருந்துப் பையைப் பாருங்கள். செட்டிரிசின் போன்ற அலர்ஜி மருந்துகளைப் பெரும்பாலும் ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இல்லையென்றால் அலர்ஜி இருந்தாலும் பரிசோதனையில் தடிப்பு சரியாக எழாது. சளி சிரப்பிலும் அதே வகை மருந்தான குளோர்பெனிரமின் இருக்கலாம், லேபிளைப் படியுங்கள். இன்ஹேலரை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது.

'வலிக்கவே வலிக்காது' என்று பொய் சொல்லாதீர்கள். கையில் சொட்டு வைத்து லேசாகக் குத்துவார்கள், கொசு கடித்த மாதிரி அரிக்கும், சொறியக் கூடாது என்று உள்ளதைச் சொல்லுங்கள். குத்துவது நொடியில் முடிந்துவிடும். அப்புறம் 15, 20 நிமிடம் கையை ஆட்டாமல் உட்காரவைப்பதுதான் பெரும்பாடு. போனில் கார்ட்டூன் ஏற்றிவைத்துக்கொள்ளுங்கள்.

பழத்தையே எடுத்துவரலாமா என்றும் முன்கூட்டியே கேளுங்கள். சில இடங்களில் பழத்தில் குத்திய ஊசியாலேயே தோலில் குத்திப் பார்ப்பார்கள்.