பிராம்ஸின் கிளாரினெட் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அப்பா போனபிறகு இரவில் தூக்கமே இல்லை. ஹெட்ஃபோனில் ஜெர்மானிய இசையமைப்பாளர் பிராம்ஸின் கிளாரினெட் குவின்டெட்டைத்தான், கிளாரினெட்டும் நான்கு தந்தி வாத்தியங்களும் சேர்ந்து வாசிக்கும் அந்தப் படைப்பைத்தான், திரும்பத் திரும்பக் கேட்கிறேன். எந்தப் பதிவை வாங்கலாம்? பழையவற்றில் இரைச்சல். புதியவற்றில் வாசிப்பவர் மூச்சிழுப்பதும் கிளாரினெட்டின் உலோகச் சாவிகள் தட்டுவதும் கேட்கின்றன. அவற்றைக் கணினியில் நீக்க முடியாதா? கிளாரினெட்டுக்கு வைப்ராட்டோ, அதாவது சுரத்தை லேசாக அதிரவிடுவது, ஆகாது என்கிறார்களே, உண்மையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கேளுங்கள். தூக்கம் வரும்போது வரட்டும். அப்பாவை இழந்தவர் உடனே தேறிவிட வேண்டும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஆனால் மூச்சை நீக்கச் சொல்கிறீர்களே, உங்களை என்ன செய்வது! ஊதுகிற வாத்தியம் அது. அவர் மூச்சிழுக்கும் விதத்திலேயே அடுத்த வரியின் கனம் தெரிந்துவிடும். சாவிச் சத்தம் பெரிதாகக் கேட்கிறதென்றால் குற்றம் வாசிப்பவருடையதல்ல, மைக்கைக் கொண்டுபோய் விரல்களுக்குப் பக்கத்தில் வைத்தவருடையது. கிளாரினெட்டின் ஒலி அடிவாயிலிருந்து மட்டும் வருவதில்லை. பெரும்பாலான சுரங்கள் திறந்திருக்கும் துளைகள் வழியாகத்தான் வெளியேறுகின்றன. மிக நெருங்கிப் பதிவுசெய்தால் ஒரு சுரம் முகத்தில் அறையும், அடுத்தது பதுங்கும். கொஞ்சம் தள்ளிவைத்தால் காற்றே அவற்றைச் சேர்த்துவிடும்.

வைப்ராட்டோ சண்டை எனக்கு அலுத்துவிட்டது. 1891இல் ஜெர்மனியின் மைனிங்கனில் கிளாரினெட் கலைஞர் மியூல்ஃபெல்டின் வாசிப்பைக் கேட்டுத்தான், எழுதியது போதும் என்றிருந்த பிராம்ஸ் மறுபடி பேனாவை எடுத்தார். மியூல்ஃபெல்ட் முதலில் வயலின்காரர். அவர் வைப்ராட்டோவோடு வாசித்ததாகச் சொல்வார்கள். 1889இலேயே பிராம்ஸின் பியானோ எடிசன் உருளையில் ஏறிவிட்டது. 1907 வரை இருந்த மியூல்ஃபெல்டின் பதிவோ ஒன்றுகூட நம்மிடம் இல்லை. பிறகு எதை வைத்து அடித்துக்கொள்வது?

இதே குவின்டெட்டை 1937இல் கிளாரினெட் கலைஞர் ரெஜினால்ட் கெல், புஷ் குவார்ட்டெட் என்ற தந்தி வாத்தியக் குழுவோடு பதிவுசெய்ததை ஒரு நண்பர் எனக்குக் கேசட்டில் போட்டுத் தந்தார். கெல்லும் வைப்ராட்டோக்காரர்தான். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் நாலரை நிமிடம்தான் கொள்ளும், தவறினால் அந்தப் பக்கம் முழுவதையும் திரும்ப வாசிக்க வேண்டிய காலம் அது. நீங்கள் சொல்லும் இரைச்சல் நிறையவே உண்டு. ஆனால் தொடக்கத்தைக் கேளுங்கள். முதலில் இரண்டு வயலின்கள். ஐந்தாவது பாரில் (தாளச் சுற்றில்) கிளாரினெட் கீழிருந்து ஏறி வந்து அவர்களோடு உட்கார்ந்துகொள்கிறது. விருந்தாளியாக அல்ல, வீட்டு ஆளாக.

இன்றைய பல பதிவுகளில் இதுதான் காணாமல்போகிறது. உறையில் பெரிய எழுத்தில் இருப்பவர் கிளாரினெட் கலைஞர், அதனால் பதிவிலும் அவரை முன்னால் இழுத்து நிறுத்திவிடுகிறார்கள். ஐயா, இது ஒருவர் முன்னால் நின்று வாசிக்க மற்றவர்கள் துணைசெய்யும் கான்செர்ட்டோ அல்ல! இரண்டாம் பகுதியில் பிராம்ஸ் நான்கு தந்தி வாத்தியங்களுக்கும் ஒலியை அடக்கும் மியூட் போடச் சொல்கிறார். கிளாரினெட் பாடப் பாட முதல் வயலின் அதே சுரங்களைச் சற்றே பின்தங்கித் தொட்டுக்கொண்டே வருகிறது. அந்த இரண்டு குரலும் ஒரே அறைக்குள் இருந்தாக வேண்டும். மியூட் போட்ட வயலினைத் தனி மைக் வைத்து உரக்கக் கேட்கச் செய்துவிட்டால் மியூட் எதற்கு?

எதை வாங்கினாலும் முதலில் அந்த இடத்தைப் போட்டுப் பாருங்கள். வயலின் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் இருந்தால் வேண்டாம், வாசித்தவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி.