அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியைத் திரும்ப வாங்கச் சேமிப்பை உடைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 66. தாண்டிக்குடியில் காப்பியும் மிளகும் போட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் உரிமத்துடன் மூன்று துப்பாக்கிகள் இருந்தன: அப்பா வைத்திருந்த, இங்கிலாந்தில் செய்த 12 போர் (குழலின் உள் அளவு) இரட்டைக்குழல் (1998இல் அவர் காலமானபின் என் பெயருக்கு மாறியது), 1994இல் நானே வாங்கிய ஒற்றைக்குழல், ஒரு .22 ரைஃபிள். இரண்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் வந்தபோது, 2020 நவம்பரில் இரட்டைக்குழலை டீலரிடம் 60,000 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டேன். கொரோனா வருடத்தில் பழம் பறிப்புக் கூலிக்கு அந்தப் பணம் கைகொடுத்தது. கடந்த மக்களவைத் தேர்தலின்போது துப்பாக்கிகளை ஒப்படைக்கக் காவல் நிலையம் போனேன். அங்கே பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் அப்பாவின் துப்பாக்கியோடு வரிசையில் நின்றார். அன்றிலிருந்து மனம் ஆறவில்லை. 2,80,000 ரூபாய் கேட்கிறார். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 2023 ஜூனில் போட்ட 5 லட்சம் இருக்கிறது. அதை எடுக்கலாமா, மனைவியின் நகையை அடகு வைக்கலாமா? பழைய இங்கிலீஷ் துப்பாக்கியின் விலை ஏறிக்கொண்டேதான் இருக்கும் என்கிறார்கள். முதலீடாகவும் ஆகும் அல்லவா? 2,20,000 ரூபாயைத் தொலைத்துவிட்டேனே என்ற எண்ணம் தூங்கவிடுவதில்லை.

பதில்: சேமிப்புக் கணக்கை மூடாதீர்கள், நகையையும் தொடாதீர்கள். ஆனால் அந்தத் துப்பாக்கியை மறந்துவிடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. அதை வாங்க முறையான ஒரு வழி இருக்கிறது. அதற்கு முன், உங்களைத் தூங்கவிடாத அந்த 2,20,000 ரூபாய்க் கணக்கைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அந்தக் கணக்கே தவறு.

2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஆயுதச் சட்டத் திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. மிஞ்சியதை ஒரு வருடத்துக்குள் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற டீலரிடமோ ஒப்படைத்தாக வேண்டும், அதன்பின் 90 நாட்களுக்குள் அதற்கான உரிமம் நீக்கப்படும் என்பது ஏற்பாடு. ஆகவே மூன்றையும் வைத்துக்கொள்வது என்ற வாய்ப்பே அன்று உங்களுக்கு இல்லை. எதைக் கைவிடுவது என்பது மட்டும்தான் உங்கள் கையில் இருந்தது. கெடு நெருங்கும் மாதத்தில் பலரும் ஒரே நேரத்தில் விற்க வந்தால் விலை இறங்கத்தான் செய்யும். அந்த நிலையில் 60,000 கிடைத்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தத் தொகையை 7 சதவீத வட்டியில் ஐந்து வருடம் போட்டு வைத்திருந்தால் இன்று ஏறக்குறைய 84,000 ஆகியிருக்கும். உங்கள் பணம் வங்கியில் தூங்கவும் இல்லை. அது இல்லாவிட்டால் கூலிக்கு நகைக்கடன்தான் வாங்கியிருப்பீர்கள், அல்லது பழம் செடியிலேயே உதிர்ந்திருக்கும். அந்தப் பணம் ஒரு விளைச்சலைக் காப்பாற்றியது.

இன்னொன்று: 2,80,000 என்பது அவர் வாயால் கேட்கும் விலை, யாரும் கொடுத்த விலை அல்ல. உங்கள் முகத்தில் ஏக்கத்தைப் பார்த்துவிட்டுச் சொன்ன விலையாகவும் இருக்கலாம்.

முதலீடு என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. தனியார் உபயோகத்துக்கான துப்பாக்கி இறக்குமதி 1980களின் நடுப்பகுதியிலிருந்து அடைபட்டுக் கிடப்பதால் பழைய வெளிநாட்டுத் துப்பாக்கிகளுக்குக் கிராக்கி இருப்பது உண்மைதான். ஆனால் கிராக்கி இருப்பதும், உங்களுக்குப் பணம் தேவைப்படும் அன்று அது கைக்கு வருவதும் ஒன்றல்ல. தங்கத்தை எந்தக் கடையிலும் கொடுத்துப் பணம் வாங்கலாம். துப்பாக்கியை வாங்க வருபவரிடம் உரிமம் இருக்க வேண்டும், அதில் இடம் காலியாக இருக்க வேண்டும், அதற்கு ஆட்சியரின் அனுமதி வேண்டும். டீலர் வழியாக இல்லாமல் தனியாருக்கு விற்பதானால், வாங்குபவரின் பெயர், முகவரியுடன் மாவட்ட ஆட்சியருக்கோ பக்கத்துக் காவல் நிலைய அதிகாரிக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாட்கள் காத்திருக்க வேண்டும். அவசரத்துக்கு மருத்துவமனையில் கட்ட இந்தச் சொத்து உதவாது. வருடா வருடம் வருமானமும் தராது. சேமிப்பில் 8.2 சதவீதம் ஈட்டும் 2,80,000 ரூபாய் வருடத்துக்கு 22,960 ரூபாய் வட்டி தருகிறது. அதை விட்டுக்கொடுப்பதற்கு ஈடாக, ஐந்து வருடம் கழித்து நான்கு லட்சத்துக்கும் மேல் கொடுக்க ஒருவர் வந்து நிற்க வேண்டும். உங்கள் மலையில் அப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

சேமிப்புத் திட்டத்தின் விதியும் உங்களுக்குச் சாதகமாக இல்லை. அந்தக் கணக்கிலிருந்து ஒரு பகுதியை மட்டும் எடுக்க முடியாது. 2,80,000 வேண்டுமானால் 5 லட்சக் கணக்கையே மூட வேண்டும். இரண்டு வருடம் தாண்டிவிட்டதால் 1 சதவீதம், அதாவது 5,000 ரூபாய் பிடித்துக்கொள்வார்கள். மீதி 2,15,000 ரூபாயை இதே வட்டிக்குப் புதிதாகப் போட்டாலும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருக்கும் 10,250 ரூபாய் சுமார் 4,400 ரூபாயாகச் சுருங்கிவிடும். காப்பி விலை விழும் வருடத்தில் வீட்டுச் செலவைத் தாங்கப்போவது இந்த வட்டிதான். நகைக்கடன் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. வருமானம் தராத பொருளுக்காக வட்டி கட்டுவதும், அதற்கு உங்கள் மனைவியின் நகை பணயமாவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. அவரிடம் கேட்டீர்களா என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. முதலில் கேளுங்கள்.

இப்போது வழிக்கு வருவோம். பணத்தைவிடப் பெரிய தடை ஒன்றை நீங்கள் கவனிக்கவில்லை. ஒற்றைக்குழலும் ரைஃபிளும் சேர்ந்து உங்கள் உரிமம் நிறைந்திருக்கிறது. யாரேனும் இலவசமாகக் கொடுத்தாலும் மூன்றாவதை நீங்கள் வாங்க முடியாது. "பணத்தைக் கொடுத்துவிட்டுத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருங்கள், காகிதத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அது சிறைத் தண்டனைக்குரிய குற்றம், உள்ள உரிமமும் போய்விடும்.

ஆயுத விதிகள், 2016இன் 25ஆம் விதி உங்களுக்கு உதவும். உரிமதாரர் இறந்தபின் மட்டுமல்ல, அவருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ, எது முதலில் வருகிறதோ அப்போது, தாம் குறிப்பிடும் சட்டப்பூர்வ வாரிசுக்கு அதை மாற்றக் கோரலாம். உங்கள் ஒற்றைக்குழல் 1994இல் வாங்கியது. மகனோ மகளோ தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவராக இருந்தால், அவர் பெயரில் உரிமம் கோரி அதை மாற்றிக் கொடுங்கள். வாரிசுக்கென்று தனியாக இரண்டு என்ற வரம்பு உண்டு. காவல்துறை விசாரணை, மருத்துவச் சான்று, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று எல்லாம் கேட்பார்கள். முடிவு ஆட்சியருடையது, மாதங்கள் ஆகும். 2020லேயே இந்த வழி உங்களுக்குத் திறந்திருந்தது என்பது வருத்தமான விஷயம்தான். டீலர்கள் இதை எடுத்துச் சொல்வது அரிது. தோட்டத்தில் யாரும் இல்லையென்றால், ரைஃபிளை விற்று இடம் உண்டாக்குங்கள். வாசகர்களில் துப்பாக்கி வைத்திருக்கும் மற்றவர்களும், விற்பதற்குமுன் இந்த விதியை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

உரிமத்தில் இடம் கிடைக்கும் வரை முன்பணம் என்று ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அந்த மாதங்களில் மிளகு வரவிலிருந்து வங்கியில் ஒரு தொடர் வைப்பு போட்டு வாருங்கள். அதில் சேர்வதுதான் உங்கள் வரம்பு. என்னைக் கேட்டால் ஒன்றரை லட்சத்தைத் தாண்ட வேண்டாம். அதையும் முதலீட்டுக் கணக்கில் எழுதாமல், வீட்டில் ஒரு நல்ல காரியத்துக்குச் செலவழித்ததாக எழுதிக்கொள்ளுங்கள். செலவு என்று ஒப்புக்கொண்டால் தாங்கக்கூடிய தொகை எது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். விற்பவருக்கும் வாங்க ஆள் எளிதில் அமையாது. பொறுமை உங்கள் பக்கம் இருக்கட்டும்.

வாங்குமுன் துப்பாக்கியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். உங்கள் பழைய உரிமப் புத்தகத்தின் நகலில் உள்ள எண்ணும் குழலில் வெட்டியிருக்கும் எண்ணும் ஒன்றா? துப்பாக்கியை மடக்கி, காலியாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு, குழல்களின் வழியே வானத்தைப் பாருங்கள். உள்சுவர் கண்ணாடிபோல் இருக்க வேண்டும். துருவால் விழுந்த குழிகள் கரும்புள்ளிகளாகத் தெரியும். மூடியபின் குழலின் பின்முகத்துக்கும் அது சேரும் இரும்புக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால் கீல் தேய்ந்துவிட்டது. பழைய இங்கிலீஷ் துப்பாக்கிகள் பலவற்றின் தோட்டா அறை இரண்டரை அங்குலம்தான். இன்று கிடைக்கும் இரண்டேமுக்கால் அங்குலத் தோட்டாவை அதில் போட்டுச் சுடுவது ஆபத்து. உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அப்பாவின் கை பட்டுப் பட்டு மெருகேறிய பின்கட்டையைப் பக்கத்து ஊர்க்காரர் மாற்றிவிட்டாரா என்பதையும் பாருங்கள். மாற்றியிருந்தால், நீங்கள் தேடும் பொருளில் பாதி அதில் இல்லை. விலையும் அதற்கேற்ப இறங்க வேண்டும்.

60,000 ரூபாய்க்கு வரி கட்டத் தவறிவிட்டோமோ என்ற கவலை இருந்தால், அது வேண்டாம். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த அசையும் பொருளை விற்ற ஆதாயம், நகை, ஓவியம், சிற்பம் போன்றவை தவிர, பொதுவாக மூலதன ஆதாய வரிக்குள் வராது.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டு. "விற்பதாக இருந்தால் முதலில் என்னிடம் சொல்லுங்கள்" என்று பக்கத்து ஊர்க்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், விலை பேச வேண்டாம். பிறகு உரிமப் புத்தகத்தையும் ஒற்றைக்குழலை வாங்கிய ரசீதையும் எடுத்துக்கொண்டு திண்டுக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் ஆயுத உரிமப் பிரிவுக்குப் போய், வாரிசு மாற்றத்துக்கு என்னென்ன படிவம் வேண்டும் என்று எழுதி வாங்கி வாருங்கள்.